பிணை நிற்க வந்திருப்பவர்களுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

உக்ரைனுக்குப் பாதுகாப்பு உத்தரவாதம் கொடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் எல்லா நாட்டு இராஜதந்திரிகளுக்கும், சட்ட ஆலோசகர்களுக்கும், வரைவு எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் திருகோணமலை நகரத்துக்காரன். ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தேன். அறுதி உறுதி, நன்கொடை உறுதி, ஈட்டு உறுதி, அற்றோணித் தத்துவம் என்று என் கையால் எழுதியதும் தட்டச்சு அடித்ததும் எத்தனை ஆயிரம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. உங்கள் வேலையும் என் வேலையும் ஒன்று என்றால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். ஆனால் நாளைக்கு ஒருவர் மனம் மாறினால் என்ன நடக்கும் என்பதை இன்றைக்கே தாளில் எழுதி வைப்பதுதான் இரண்டு வேலையும். அதோடு, எங்கள் ஊரின் பெயரே ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டில் ஏறியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் 'உறுதி' என்றால் காணிப் பத்திரம். "உறுதி முடிச்சாச்சா?" என்று ஒருவர் கேட்டால், காணி வாங்கிக் கையெழுத்து வைத்தாகிவிட்டதா என்று அர்த்தம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, பிரித்தானியர் காலத்துச் சட்டம்தான், இன்றைக்கும் அதுவே நடக்கிறது, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணியை விற்றால் அது செல்லாது. அண்ணன் தம்பி வாயால் சொல்லிக் கொடுத்தது, கோயில் முன்றலில் ஊர் பார்க்கச் சொன்னது, எதுவும் நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே உறுதி என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு நினைவு வருவது நான்கு எல்லையும் தேதியும் பதிவு இலக்கமும் உள்ள ஒரு தாள். உறுதிமொழி வேறு. அது மேடையில் எடுப்பது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் உக்ரைன் விழுந்தது. 1994 டிசம்பர் 5, புடாபெஸ்ட். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் சுமார் 1,900 மூலோபாய அணுகுண்டுகள் இருந்தன, அப்போது உலகத்திலேயே மூன்றாவது பெரிய கையிருப்பு. அதை விட்டுக் கொடுத்தார்கள். கடைசிக் குண்டு 1996 ஜூனில் ரஷ்யாவுக்குப் போய்விட்டது. பதிலுக்கு ரஷ்யா, அமெரிக்கா, பிரித்தானியா மூன்றும் கையெழுத்திட்ட ஒரு சிறிய ஆவணம் கிடைத்தது. எல்லைகளை மதிப்போம், படைபலம் பாவிக்க மாட்டோம், பொருளாதார நெருக்குதல் கொடுக்க மாட்டோம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. யாராவது மீறினால்? அணுவாயுதம் கொண்டு தாக்கினால் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் உடனே உதவி கேட்போம் என்று ஒரு பந்தி. மற்றபடி கேள்வி எழுந்தால் கலந்தாலோசிப்போம் என்று கடைசிப் பந்தி. அவ்வளவுதான்.

அந்த ஆவணம் உக்ரைனிய மொழி, ஆங்கிலம், ரஷ்ய மொழி மூன்றிலும் சமமாகச் செல்லும் என்று எழுதப்பட்டது. உக்ரைனிய, ரஷ்யப் பிரதிகளின் தலைப்பிலேயே உத்தரவாதம் என்ற சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பதிலாக ஒரு படி இறங்கிய சொல், உறுதிமொழி என்ற அளவில். உத்தரவாதம் என்று எழுதினால் படை அனுப்பும் கடமை வந்துவிடும் என்று தெரிந்தே அமெரிக்கத் தரப்பு அந்தச் சொல்லைத் தவிர்த்தது. நான் மும்மொழி நாட்டில் வாழ்கிறவன். எங்கள் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள், சிங்களப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வாசிக்கும்போது ஒரு தமிழனுக்கு மனம் எப்படி இருக்கும் என்பதை விடுங்கள், குறைந்தது எந்தப் பிரதி வெல்லும் என்றாவது அதில் தெரிகிறது. புடாபெஸ்ட் ஆவணத்தில் அப்படியொரு வரிகூட இல்லை. அவர்கள் தங்கள் மொழியில் உத்தரவாதம் என்று வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆகவே முதலாவது வேண்டுகோள் இதுதான்: எந்த மொழியில் எழுதினாலும் ஒரே எடையுள்ள சொல்லை எழுதுங்கள். உத்தரவாதம் கொடுக்க மனமில்லையென்றால் அந்தச் சொல்லை ஒரு பிரதியிலும் போடாதீர்கள்.

சரி, உத்தரவாதம் என்றால் என்ன? எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் பிணை. பல வருடத்துக்கு முன்னர் என்னோடு படித்த ஒருவன் வான் வாங்க ஒரு வங்கியில் கடன் எடுத்தான், நான் பிணைக் கையெழுத்து வைத்தேன். அவன் வெளிநாடு போனான், தவணை நின்றது. மூன்றாம் மாதம் வங்கியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது, ஐந்தாம் மாதம் என் சம்பளத்தில் கழிக்கத் தொடங்கினார்கள். இருபத்தாறு மாதம் கட்டி முடித்தேன். வங்கி என்னோடு கலந்தாலோசிக்கவில்லை. உங்கள் கருத்தென்ன என்று கேட்கவில்லை. அவன் சம்மதித்தால்தான் உங்களிடம் அறவிடலாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது வயிறு எரிந்தது உண்மை, மூத்த மகளின் பள்ளிச் செலவுக்கு மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. ஆனால் வங்கி செய்தது சரி. பிணை என்றால் அதுதான். கட்ட வேண்டியவன் கட்டாத அன்று, நின்றவன் கட்டுவான் என்பது தாளிலேயே இருக்க வேண்டும், கேள்விக்கு இடமில்லாமல்.

இப்போது உங்கள் மேசையைப் பாருங்கள். 2014 மார்ச்சில் கிரைமியா ரஷ்யாவின் கைக்குப் போனபோது புடாபெஸ்ட் ஆவணத்தின்படி பாரிஸில் கூடிப் பேசலாம் என்று கூப்பிட்டார்கள், ரஷ்ய வெளிவிவகார அமைச்சர் வரவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிட்டார்கள். 2022 பெப்ரவரி 19ஆம் தேதி மியூனிக்கில் உக்ரைன் ஜனாதிபதி செலென்ஸ்கி எழுந்து நின்று, 2014க்குப் பிறகு மூன்று தடவை அந்தக் கலந்தாலோசனையைக் கேட்டோம், நடக்கவில்லை, இது நான்காவது என்றார். ஐந்தாம் நாள் முழுப் போர். அதற்கு மறுநாள் பாதுகாப்புச் சபையில் 11 நாடுகள் கண்டனத் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்க, ரஷ்யா தன் ஒரு கையால், வீட்டோ அதிகாரத்தால், அதை வீழ்த்தியது. கடனாளியே வங்கி முகாமையாளராகவும் இருந்தால் எந்தப் பிணை அறவிடப்படும்?

அதே வருடம் இஸ்தான்புல் பேச்சுவார்த்தையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு என்னைவிடத் தெரியும். உக்ரைன் நடுநிலை நாடாக இருக்கும், பல நாடுகள் உத்தரவாதம் கொடுக்கும், அதில் ரஷ்யாவும் ஒன்று என்று வரைவு போனது. கடைசியில் ரஷ்யத் தரப்பு சேர்த்த வாசகம், தாக்குதல் நடந்தால் உத்தரவாத நாடுகள் எல்லாம் சம்மதித்த பிறகுதான் நடவடிக்கை என்பது. எல்லாம் என்றால் தாக்கியவரும் சேர்த்துத்தான். நான் கிளார்க்காக இருந்த அலுவலகத்தில் அப்படியொரு வாசகத்தை ஒரு கட்சிக்காரர் கொண்டுவந்திருந்தால், எங்கள் நொத்தாரிசு ஐயா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இது உறுதி இல்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்றிருப்பார். தயவுசெய்து அந்த வாசகம் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்ப உள்ளே வராமல் பாருங்கள்.

இனி எங்கள் ஊர்க் கதை. ஊரைக் கேட்காமல் ஊரைப் பற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கிட்டத்து உதாரணம் எனக்கு இல்லை.

1987 ஜூலை 29 கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் இந்திய-இலங்கை உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தார்கள். உடன்படிக்கையோடு கடிதங்களும் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுப்பதில்லை என்பது கடிதத்தில் ஒரு வரி. எண்ணெய்த் தாங்கிகளை இரண்டு நாடும் கூட்டாகப் புனரமைத்து நடத்தும் என்பது இன்னொரு வரி. அந்தத் தாங்கிகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள் நிற்கின்றன, பிரித்தானியர் கட்டியது, 99. ஒவ்வொன்றும் ஒரு கோயில் மண்டபம் அளவு. பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு மேலால் துருப்பிடித்த விளிம்பு மட்டும் தெரியும். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரர் குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான், பிரித்தானியர் சுதந்திரம் கொடுத்த பிறகும் 1957 வரைக்கும் கடற்படைத் தளத்தை வைத்திருந்ததும் இதற்காகத்தான். எங்கள் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி உலகத்துக்கு எப்போதும் தெரியும்.

உடன்படிக்கையில் எங்களைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. வடக்கோடு சேர்ந்திருக்கக் கிழக்கு விரும்புகிறதா என்று 1988 டிசம்பர் 31க்கு முன்னர் கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திக் கேட்பது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் இருக்கிற மாகாணம், எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கவே இல்லை என்பதுதான் நான் சொல்வது. வருடா வருடம் தள்ளிப் போட்டார்கள், 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது, அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. பிறகு வந்த தனி மாகாண சபைக்கு 2017இல் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு பல வருடம் தேர்தலே வைக்கவில்லை. தாங்கிகளைப் பற்றிய வரியோ 2022 ஜனவரியில் புது உடன்படிக்கையாகத் திரும்ப எழுந்தது: 14 தாங்கி ஒரு கம்பனிக்கு, 24 இன்னொன்றுக்கு, 61 கூட்டாக. தாங்கி ஒன்றுகூடக் கணக்குத் தவறவில்லை பாருங்கள்.

இது இந்தியாவைக் குற்றம் சொல்லும் மடல் இல்லை. பெரிய நாடுகள் மேசையில் இருக்கும்போது துறைமுகம், கனிமம், குழாய்வழி இவற்றுக்கான வரிகளை எழுதுகிறவர் கவனமாக எழுதுகிறார், ஏனென்றால் அதற்குச் சொந்தக்காரர் மேசையில் இருக்கிறார். மக்களுக்கான வரியை எழுதும்போது அந்தக் கண்டிப்பு வருவதில்லை. உங்கள் பேச்சிலும் அரிய கனிமம், அணுமின் நிலையம், கருங்கடல் வழி எல்லாம் அடிபடுகிறது. அந்த வரிகளுக்குத் தேதி போடுவது போல கார்கிவ், சபோரிசியா மக்களுக்கான வரிக்கும் தேதி போடுங்கள்.

உத்தரவாதம் கொடுத்தவர் வருவார் என்பது ஒரு பிரச்சினை, போவார் என்பது இன்னொன்று. 1990 மார்ச் 24ஆம் தேதி இந்திய அமைதிப் படையின் கடைசிப் பிரிவு எங்கள் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறியது. எனக்கு இருபத்திரண்டு வயது. உட்துறைமுக வீதியில் நின்று பார்த்தோம். பக்கத்தில் நின்றவர்களில் சிலருக்கு நிம்மதி, அந்தப் படையால் வீட்டில் ஆளை இழந்தவர்கள் இருந்தார்கள். சிலருக்குப் பயம். அவர்களும் சுமார் 1,200 படையினரை இந்த மண்ணில் இழந்துவிட்டுத்தான் போனார்கள். அன்று பின்னேரம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு பையில் உடுப்பும் ஒன்றில் அரிசியும் பருப்பும் கட்டி, கதவுக்குப் பின்னால் வைத்தார். மூன்று மாதம் ஆகவில்லை, ஜூனில் போர் தொடங்கியது, அந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சைப்பிரஸ் தீவில் இதற்கு நேர்மாறு நடந்தது. 1960இல் பிரித்தானியா, கிரேக்கம், துருக்கி மூன்றும் உத்தரவாத உடன்படிக்கை செய்தன. 1974இல் கிரேக்க இராணுவ ஆட்சி அங்கே சதிப்புரட்சி நடத்த, அதே உடன்படிக்கையின் நான்காவது உறுப்புரையைக் காட்டித் துருக்கி படையிறக்கியது. படை இன்னும் போகவில்லை, தீவு இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. 2025 செப்டம்பரில் பாரிஸில் கூடிய பிறகு 26 நாடுகள் ஏதோ ஒரு விதத்தில் உக்ரைனுக்குப் படையோ பங்களிப்போ தரத் தயார் என்றார்கள். நல்லது. வருவதற்கு நிபந்தனை எழுதும்போதே, எது நடந்தால் போவீர்கள், போகுமுன் எத்தனை மாதம் முன்னறிவித்தல், போன பிறகு அந்த இடத்தில் யார் நிற்பார் என்றும் எழுதிவிடுங்கள். வாடகை உறுதியில்கூட அந்தப் பந்தி இல்லாமல் நாங்கள் எழுதுவதில்லை.

கண்காணிப்பாளர்கள் போதும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து எங்களைக் கேளுங்கள். அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான 2002 பெப்ரவரி போர்நிறுத்தத்துக்கு நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஐந்து நாட்டிலிருந்தும் ஆயுதமில்லாத கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். மீறலைப் பதிவு செய்வதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை, தடுப்பதற்கு அதிகாரம் கொடுக்கவில்லை. 2006 ஜனவரி 2 மாலை எங்கள் நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் மாவிலாற்றில் சண்டை, ஆகஸ்டில் மூதூரில். மூதூர் முஸ்லிம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தார்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். கண்காணிப்பு மிகவும் தேவைப்பட்ட அந்த நாட்களில்தான் ஐந்து நாட்டில் மூன்று விலக வேண்டி வந்தது. இவ்வளவும் நடந்தபோது போர்நிறுத்த உடன்படிக்கை செல்லுபடியாகத்தான் இருந்தது. 2008 ஜனவரியில்தான் அது முறைப்படி முடிந்தது. கிழக்கு உக்ரைனிலும் 2014 முதல் ஆயுதமில்லாத சர்வதேசக் கண்காணிப்பாளர்கள் எட்டு வருடம் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அணுவாயுத நாட்டோடு மோத எந்த நாடும் எழுத்தில் சம்மதிக்காது, ஆகவே முழு உத்தரவாதம் நடக்காத காரியம் என்று உங்களில் சிலர் நேர்மையாகவே நினைக்கலாம். நேட்டோவின் ஐந்தாவது உறுப்புரையைப் போல என்று பேசுகிறவர்களும் அதை எடுத்து வாசிக்க வேண்டும், ஒவ்வொரு நாடும் தான் தேவையென்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் அதில் இருக்கிறது. அந்த வரிக்குப் பலம் கொடுப்பது அதற்குப் பின்னால் ஏற்கெனவே நிற்கும் படையும் தளமும் கூட்டுப் பயிற்சியும்தான். சரி, உங்களால் அவ்வளவு முடியாதென்றால் முடிந்ததை எழுதுங்கள். தாக்குதல் நடந்து எத்தனை மணித்தியாலத்தில் எத்தனை எறிகணை, எந்தக் களஞ்சியத்திலிருந்து, எந்த நாட்டு நாடாளுமன்றம் முன்கூட்டியே அங்கீகரித்த பணத்தில் என்று. சிறியதாக இருக்கட்டும். இருபது பேர்ச்சஸ் காணி வைத்திருக்கிறவர் இருபது பேர்ச்சஸை எழுதிக் கொடுத்தால் வாங்கினவர் அதில் வீடு கட்டலாம். இரண்டு ஏக்கர் என்று எழுதிவிட்டுக் காணியே இல்லையென்றால் அவர் எங்கே போவார்?

போர் முடிந்து சில காலத்தில் மூதூர் கிழக்கிலிருந்து ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பிஸ்கட் தகரம் ஒன்றைத் திறந்தார், அதற்குள் பொலித்தீன் பை, பைக்குள் துவாய், துவாய்க்குள் காணி உறுதி. வெருகல், வாகரை, மட்டக்களப்பு முகாம், பிறகு கிளிவெட்டி முகாம் என்று அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். தாள் நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது, முத்திரையின் ஊதா மை பரவி நொத்தாரிசின் கையெழுத்தை மூடியிருந்தது. ஆனால் எல்லை தெளிவாகவே இருந்தது. வடக்கு ஒழுங்கை, கிழக்கு வாய்க்கால், தெற்கு புளியமரமும் வேலியும், மேற்கு தமக்கையின் காணி. காணி அப்போது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். "தம்பி, இது செல்லுமா?" என்று கேட்டார். வாசித்துப் பார்த்தேன், ஒரு வில்லங்கமும் இல்லை. செல்லும் அம்மா என்றேன். "அப்ப ஏன் நான் போகேலாது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சரியாக எழுதிய உறுதிக்கே அந்த நிலை என்றால், கலந்தாலோசிப்போம் என்று எழுதியதை நம்பி வீட்டைத் திரும்பக் கட்டுகிறவரின் நிலையை யோசியுங்கள். அந்த அம்மாவின் பக்கத்து மக்கள் பல வருடம் கழித்துத்தான் திரும்பக் குடியேறினார்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். எங்கள் தொழிலில் கையெழுத்துக்கு முன்னர், வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும், விளங்கப்படுத்தியதாக நொத்தாரிசு தன் பெயரில் அத்தாட்சி எழுத வேண்டும். எங்கள் ஐயா வாசிக்கும்போது மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். பாதியில் ஏதாவது ஒரு கிழவி கையைத் தூக்கி, "அப்ப இவன் செத்துப்போனா ஆரிட்டப் போறது?" என்று கேட்பார். அதற்குப் பதில் தாளில் இல்லையென்றால் ஐயா என்னைப் பார்ப்பார், நான் அந்தப் பந்தியைத் திரும்ப அடிக்கப் போய்விடுவேன். நீங்களும் உங்கள் வரைவை எடுத்துக்கொண்டு உக்ரைனின் கேர்சன் நகரத்துக்குப் போங்கள். ஆற்றங்கரைப் பக்கம் ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டு இன்னும் அங்கேயே இருக்கிற ஒரு வயதான அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவருடைய மொழியில், மெதுவாக, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டுங்கள். அவர் கை தூக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு நொத்தாரிசு அலுவலகத்தின் பழைய கிளார்க்,
திருகோணமலை